பாடம் மறக்காமலிருக்க வகுப்பறையில் செய்ய வேண்டியவை: புதிய ஆசிரியர்களுக்கு

பாடம் நடத்தி முடித்த அன்றைக்கு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "புரிஞ்சுது" என்று சொல்லும். பத்து நாள் கழித்து அதே பாடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்; பாதிப் பேர் கூரையைப் பார்ப்பார்கள். உடனே கைவசம் வருவது இரண்டு வழி: பாடத்தை இன்னொரு தரம் நடத்துவது, அல்லது "வீட்ல நாலு தரம் படிச்சிட்டு வா" என்று அனுப்பிவிடுவது. இரண்டுமே உழைப்புக்கேற்ற பலன் தருவதில்லை.

ஏன் என்று காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் சிறு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு அமர்வுகளிலும் அதைப் படித்தது. இன்னொரு குழு ஓர் அமர்வில் மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்த குழுவுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்த குழுவுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

ஆகவே எந்தச் செயல்பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: அந்த நிமிடத்தில் எத்தனை பிள்ளைகள், எதையும் பார்க்காமல், விடையைத் தாங்களே யோசித்து எடுக்கிறார்கள்? ஒருவன் எழுந்து பதில் சொல்ல மற்ற 39 பேர் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அங்கே பயிற்சி நடப்பது ஒரு தலைக்குள் மட்டும்தான். விளையாட்டு எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும் கணக்கு மாறாது.

தொடங்கும் முன்

பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. மாணவருக்கு ஒரு 40 பக்க நோட்டு, இரண்டு நிறப் பேனா, ஒரு தாளை எட்டாக வெட்டிய அளவில் வெற்று அட்டைகள். உங்களுக்கு ஒரு தனி நோட்டு: என்ன கேள்வியை எந்தத் தேதியில் கேட்டீர்கள், எத்தனை பேருக்குத் தெரியவில்லை என்று குறித்து வைப்பதற்கு. இந்த நோட்டு இல்லாமல் தொடங்கினால் இரண்டாவது வாரத்திலேயே குழப்பம் வரும். கேட்டதையே கேட்பீர்கள், முக்கியமானதை விட்டுவிடுவீர்கள்.

இன்னொன்றை முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள்: இதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது, பதிவேட்டில் ஏறாது, வீட்டுக்குத் தகவல் போகாது. மதிப்பெண் உண்டு என்றால் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். பார்த்து எழுதினால் நினைவிலிருந்து எடுக்கும் வேலையே நடக்காது. சொன்ன வாக்கை நீங்களும் காப்பாற்ற வேண்டும். ஒரே ஒரு தடவை "இதுல யார் பூஜ்யம், எழுந்து நில்லு" என்று சொல்லிவிட்டால் அந்த வருடம் முழுக்க யாரும் நம்ப மாட்டார்கள்.

முதல் ஐந்து நிமிடம்: நாலு கேள்வி

ஒரே ஒரு செயல்பாட்டைத்தான் பழக்கத்துக்குக் கொண்டுவர முடியும் என்றால் இதைக் கொண்டுவாருங்கள்.

பிள்ளைகள் உட்காரும் முன்பே பலகையில் நாலு கேள்வி இருக்க வேண்டும். இரண்டு நேற்றையது, ஒன்று போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது. உதாரணத்துக்கு, ஒளிச்சேர்க்கை தொடங்கப் போகும் நாளன்று:

1. இலையில் வாயுக்கள் போய்வரும் துளைக்கு என்ன பெயர்? (நேற்று)
2. அந்தத் துளைகள் பெரும்பாலான தாவரங்களில் இலையின் எந்தப் பக்கம் அதிகம்? (நேற்று)
3. வேரிலிருந்து இலைக்குத் தண்ணீரைக் கொண்டுபோகும் திசு எது? (போன வாரம்)
4. தாவர செல்லில் இருப்பவை, விலங்கு செல்லில் இல்லாதவை: இரண்டு சொல்லுக. (போன மாதம்)

நாலாவது கேள்வியைக் கவனியுங்கள். செல்சுவர், பசுங்கணிகம் என்று இரண்டையும் எழுதியவன் இன்றைய பாடத்துக்குள் பாதி நுழைந்துவிட்டான். பழைய கேள்வியை இப்படி இன்றைய பாடத்துக்குத் தேவையானதாகப் பார்த்து எடுத்தால், திருப்புதலும் அறிமுகமும் ஒன்றாக முடிந்துவிடும்.

நேரம் இப்படிப் பிரியும்: எழுத இரண்டரை நிமிடம், சரிபார்க்க இரண்டு நிமிடம், கை தூக்கச் சொல்லி எண்ண அரை நிமிடம். எழுதும்போது பேச்சு கிடையாது, நோட்டு மூடியிருக்க வேண்டும். தெரியாவிட்டாலும் வெற்றிடமாக விடாமல் ஊகித்து எழுதச் சொல்லுங்கள். சரியான விடையை நீங்கள் பலகையில் எழுதுங்கள். அவர்கள் இரண்டாவது நிறத்தில் தங்கள் விடையைத் திருத்தட்டும். திருத்தாமல் விட்ட தப்பு விடை, நினைவிலிருந்து எடுத்த விடையாகவே மனதில் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே சரிபார்ப்பதை மட்டும் நாளைக்குத் தள்ளாதீர்கள்.

எண்ணிக்கையை என்ன செய்வது? 40 பேரில் 35 பேருக்கு மேல் சரி என்றால் அந்தக் கேள்வியை மூன்று வாரம் தள்ளி வையுங்கள். பாதிக்கும் மேல் சரி என்றால் ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். பாதிப் பேருக்கு மேல் தப்பு என்றால் நாளையும் நாளை மறுநாளும் திரும்பக் கேளுங்கள். அதற்கும் வராவிட்டால் குறை மறதியில் இல்லை, பாடம் முதலிலேயே புரியவில்லை. புரியாததை எத்தனை தடவை கேட்டாலும் நினைவில் நிற்காது, திரும்ப நடத்தத்தான் வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. முதலாவது, ஐந்து நிமிடம் மெல்ல மெல்ல இருபதாக நீள்வது. ஒவ்வொரு கேள்விக்கும் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும். விடையை மட்டும் சொல்லுங்கள், விளக்கம் தேவைப்படுவதை உங்கள் நோட்டில் குறித்துக்கொண்டு மேலே போங்கள். இரண்டாவது, நேற்றைய பாடத்தை மட்டுமே கேட்பது. நேற்றையது இன்றும் ஓரளவு நினைவில் இருக்கும். அதனால் எல்லாரும் சரியாக எழுதுவார்கள், வகுப்பு நன்றாகப் போவதாகத் தோன்றும். உண்மையில் வேலை செய்வது மூன்றாவது, நாலாவது கேள்விகள்தான். கொஞ்சம் மறந்து, கொஞ்சம் திணறி எடுப்பதில்தான் பலன் இருக்கிறது.

வெற்றுத்தாள்

ஒரு பாடம் முடியும் நாளில் கடைசிப் பத்து நிமிடம். புத்தகம், நோட்டு எல்லாம் பைக்குள். ஆளுக்கு ஒரு வெற்றுத்தாள். "இந்தப் பாடத்தில் நினைவிருப்பதை எல்லாம் எழுதுங்க, படமும் போடலாம், வரிசை முக்கியமில்லை."

நாலு நிமிடம் தனியாக எழுத வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் பலர் பேனாவைக் கீழே வைப்பார்கள், "முடிஞ்சுது" என்பார்கள். முடியவில்லை, முதல் ஊற்று மட்டும்தான் வற்றியிருக்கிறது. உதவ வேண்டுமென்றால் பலகையில் மூன்று சொற்களை எழுதுங்கள். செரிமானப் பாடம் என்றால் "எங்கே? எதனால்? அடுத்து?" போதும். அதன் பிறகு இன்னும் நாலைந்து வரி வரும். அடுத்த இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரிடம் தாளைக் காட்டி, ஒருவரிடம் இருந்து மற்றவரிடம் இல்லாததைப் பேசி எடுக்கலாம். கடைசி நாலு நிமிடம் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பானதையும் இரண்டாவது நிறத்தில் சேர்க்க வேண்டும்.

தாள்களை வாங்கிப் புரட்டுங்கள், திருத்த வேண்டாம். இரண்டாவது நிறம் எங்கே குவிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். செரிமானத் தாள்களில் வழக்கமாக இப்படி இருக்கும்: "உணவு வயிற்றில் செரிக்கிறது" என்று பெரிய எழுத்தில் முதல் வரி, ஸ்டார்ச் செரிப்பது வாயிலேயே உமிழ்நீரால் தொடங்குகிறது என்பது இரண்டாவது நிறத்தில், சத்துகள் பெரும்பாலும் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகின்றன என்பதும் இரண்டாவது நிறத்தில், கல்லீரலைப் பலர் குறிப்பிட்டிருக்கவே மாட்டார்கள். அடுத்த வாரத்துக்கான நாலு கேள்வி உங்கள் கையில் வந்துவிட்டது.

சின்ன வகுப்புகளில் எழுதுவதே பெரும்பாடு. அங்கே படம் வரையச் சொல்லுங்கள், அல்லது இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் ஒரு விஷயம் சொல்லட்டும். எழுத்துச் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கு எந்த வகுப்பிலும் இதே சலுகை கொடுக்கலாம். நாம் பார்ப்பது நினைவை, கையெழுத்தை அல்ல.

விரல் விடை

நாலு தெரிவுள்ள கேள்வி. மாணவர்கள் ஒன்று முதல் நாலு வரை விரலை நெஞ்சோடு ஒட்டிக் காட்ட வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் பின் வரிசை முன் வரிசையைப் பார்த்துப் போடும், நெஞ்சோடு ஒட்டினால் உங்களுக்கு மட்டும் தெரியும்.

வரிசை இது: கேள்வியைப் படியுங்கள், பத்து விநாடி அமைதி, "ஒண்ணு, ரெண்டு, மூணு, காட்டு" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். பத்து விநாடியை மனதுக்குள் நிஜமாகவே எண்ணுங்கள். புதிதாக வந்தவர்களுக்கு வகுப்பறை அமைதி பயங்கரமாகத் தோன்றும். இரண்டாவது விநாடியிலேயே வாயைத் திறந்துவிடுவார்கள்.

இந்தச் செயல்பாட்டின் உயிர் தப்பான தெரிவுகளில் இருக்கிறது. அபத்தமான தெரிவைப் போட்டால் நினைவே இல்லாமல் தள்ளிவிட்டுச் சரியானதைப் பிடிப்பார்கள். பிள்ளைகள் நிஜமாகவே செய்யும் தப்புகளைத் தெரிவாக வையுங்கள். "தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது எழும் பெரிய குமிழ்களுக்குள் இருப்பது: 1. காற்று, 2. ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும், 3. நீராவி, 4. எதுவுமில்லை." இதைக் கேட்டுப் பாருங்கள். நிலை மாற்றத்தை ஒப்பித்த பிள்ளைகளிலேயே பலர் ஒரு விரலும் இரண்டு விரலும் காட்டுவார்கள். விடை மூன்று என்று உடனே சொல்லாமல், "பக்கத்துல இருக்கவங்க வேற விரல் காட்டியிருந்தா, ஏன்னு ஒரு நிமிஷம் பேசுங்க" என்று விட்டுவிட்டு மறுபடி விரல் கேளுங்கள்.

நிச்சயமாகத் தெரியும் என்று நினைப்பவர்களை முஷ்டியால் மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விரல் காட்டச் சொல்லலாம். அடித்துச் சொன்ன விடை தப்பாகும்போது திருத்தம் நன்றாக நினைவில் நிற்கிறது என்பதை பட்டர்ஃபீல்ட், மெட்கால்ஃப் என்பவர்கள் 2001-ல் காட்டியிருக்கிறார்கள். அந்த ஆச்சரியமே கவனத்தை இழுத்துவிடுகிறது.

அட்டைப் பெட்டி

அருஞ்சொல், சூத்திரம், ஆண்டு, தனிமக் குறியீடு மாதிரி உள்ளதை உள்ளபடி நினைவில் வைக்க வேண்டியவற்றுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. 1972-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறை. அவர் ஐந்து அறை வைத்தார். வகுப்புக்கு மூன்று போதும். பெட்டி வேண்டாம், மூன்று உறையோ ரப்பர் பேண்டு போட்ட மூன்று கட்டோ போதும்.

பாடத்துக்கு 15 முதல் 20 அட்டை. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. எல்லா அட்டையும் முதல் கட்டில் தொடங்கும். முதல் கட்டைத் தினமும், இரண்டாவதை வாரத்தில் இரண்டு நாள், மூன்றாவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த கட்டுக்குப் போகும். தப்பானால் எங்கே இருந்தாலும் முதல் கட்டுக்குத் திரும்பும்.

அட்டை எழுதுவதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பீரியட் ஒதுக்குங்கள், வீணாகாது. "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?" என்று எழுதிப் பின்னால் பாதிப் பாடத்தை எழுதிவைத்தால் அந்த அட்டை செத்த அட்டை. பாதி சொன்னால் சரியா தப்பா என்று யாருக்கும் தெரியாது. அதையே நாலாக உடைக்க வேண்டும்: இலை உள்ளே எடுக்கும் வாயு எது? வெளியே விடும் வாயு எது? ஒளியை ஈர்க்கும் நிறமி எது? உருவாகும் சர்க்கரை எது? ஒரு அட்டைக்கு ஒரு விடை.

எல்லாரும் செய்யும் ஏமாற்று ஒன்று உண்டு, வேண்டுமென்று செய்வதில்லை. கேள்வியைப் பார்த்ததும் அட்டையைத் திருப்பி, "ஆமா, இது எனக்குத் தெரியும்" என்று அடுத்த கட்டில் போடுவது. பார்த்ததும் தெரிந்ததுபோல் இருப்பது வேறு, பார்க்காமல் எடுப்பது வேறு. திருப்பும் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அல்லது விரலால் மேசையில் எழுத வேண்டும் என்று விதி வையுங்கள். இரண்டு பேராக உட்காரவைத்தால் விதியை அவர்களே காப்பாற்றிக்கொள்வார்கள்.

கணக்கில் கலந்து கொடுப்பது

கணக்கு ஆசிரியர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இது புத்தகத்தின் போக்குக்கே எதிரானது.

பயிற்சி என்றால் ஒரே வகைக் கணக்கு பத்து, அடுத்த வகை பத்து என்றுதான் கொடுத்துப் பழக்கம். பரப்பளவுப் பயிற்சியில் பத்தும் பரப்பளவாக இருந்தால், மூன்றாவது கணக்கிலிருந்து பிள்ளை கேள்வியைப் படிப்பதே இல்லை. இரண்டு எண் இருக்கிறதா, பெருக்கு. பரீட்சையில் சுற்றளவும் பரப்பளவும் கலந்து வரும்போது எதைச் செய்வது என்று தெரியாமல் விழிப்பது இதனால்தான். பெருக்கக் கற்றிருக்கிறான், தேர்ந்தெடுக்கக் கற்கவில்லை.

ரோரர், டெய்லர் 2007-ல் கல்லூரி மாணவர்களுக்குச் சில திண்ம உருவங்களின் கன அளவைக் கற்பித்து இதைச் சோதித்தார்கள். வகை வகையாகப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதல் குழு 20 சதவீதம், கலந்து செய்த குழு 63.

செய்முறை: புது வகையை அறிமுகம் செய்யும் அன்று ஒரே வகையில் நாலைந்து கணக்கு போதும். அடுத்த நாளிலிருந்து பயிற்சித் தாளில் பன்னிரண்டு கணக்கு என்றால் நாலு புதியது, எட்டு பழைய பாடங்களிலிருந்து. ஒரே வகை அடுத்தடுத்து வரக்கூடாது. எண்களை ஒன்றாக வைத்து வகையை மட்டும் மாற்றுவது நல்ல உத்தி:

- 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலமுள்ள செவ்வகத் தோட்டத்தைச் சுற்றி வேலி போட எத்தனை மீட்டர் கம்பி? (26)
- அதே அளவுள்ள தரை முழுக்க ஓடு பதிக்க எத்தனை சதுர மீட்டர்? (40)
- வேலியில் 1.5 மீட்டருக்கு வாசல் விட்டால் கம்பி எவ்வளவு? (24.5)
- சுற்றளவு 26 மீட்டர், நீளம் 8 மீட்டர், அகலம் என்ன? (5)

எட்டும் ஐந்தும் எல்லாவற்றிலும் வருவதால் கேள்வியைப் படிக்காமல் தப்பிக்க முடியாது. சில நாள் கணக்கைப் போடவே சொல்லாமல், "எந்த வகை, எப்படித் தொடங்குவாய்" என்று மட்டும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள்; பத்து நிமிடத்தில் இருபது கணக்கைத் தாண்டலாம்.

முதல் இரண்டு மூன்று வாரம் வகுப்பில் தப்புகள் கூடும். "முன்னாடியே நல்லா வந்துச்சு" என்று முணுமுணுப்பார்கள், பெற்றோரும் கேட்கலாம். இப்படித்தான் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டால் தர்மசங்கடம் இல்லை.

விளையாட்டு வைக்க வேண்டுமா?

வைக்கலாம், ஆனால் குழுப் போட்டி என்றாலே கெட்டிக்கார இரண்டு பேர் விளையாடுவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். ஒரே ஒரு மாற்றம் செய்தால் சரியாகும்: கேள்வி கேட்டதும் ஒவ்வொருவரும் தன் சிலேட்டிலோ தாளிலோ விடை எழுத வேண்டும், அதன் பிறகு குழுவில் யார் சொல்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். பெயரைக் கேள்விக்கு முன் சொல்லாதீர்கள். சொன்னால் மற்றவர்கள் அந்த நொடியே ஓய்வெடுத்துக்கொள்வார்கள்.

கோரஸாக ஒப்பிப்பது, அடிக்கோடிடுவது, நோட்டைப் பார்த்துப் பத்துத் தடவை எழுதுவது ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். கோரஸில் யார் வாயசைக்கிறார்கள், யார் சொல்கிறார்கள் என்று தெரியாது. பத்துத் தடவை எழுதுகிறவன் ஐந்தாவது தடவையில் என்ன எழுதுகிறோம் என்றே யோசிப்பதில்லை. டன்லாஸ்கி குழுவினர் 2013-ல் பத்துப் படிப்பு உத்திகளை எடைபோட்டபோது, தன்னைத்தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும்தான் மிகுந்த பயன் என்ற வரிசையில் வந்தன. அடிக்கோடிடுவதும் திரும்பத் திரும்பப் படிப்பதும் கடைசி வரிசையில்.

முதல் மாதத்தை எப்படிப் பிரிப்பது

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் நாலு கேள்வி மட்டும், ஒரே ஒரு வகுப்பில். பழைய கேள்விகள் சேராததால் முதல் வாரம் நேற்றைய பாடத்தையும் போன வருடத்துப் பாடத்தையும் கலந்து கேளுங்கள். மூன்றாவது வாரம் பாடம் முடியும் நாளில் வெற்றுத்தாள். நாலாவது வாரம் அட்டை எழுதப் பழக்குங்கள். விரல் விடையை எப்போது வேண்டுமானாலும் நடுவில் செருகலாம்.

ஒரு பாடம் திரும்பி வரும் நாட்களுக்கு எளிய கணக்கு: மறுநாள், நாலாவது நாள், இரண்டாவது வாரம், ஐந்தாவது வாரம். துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, விடுமுறை குறுக்கே வந்தால் ஒரு நாள் தள்ளிப் போகலாம். பரீட்சை தள்ளி இருந்தால் இடைவெளியும் தாராளமாக இருக்கலாம். அடுத்தடுத்த நாளில் ஐந்து தடவை கேட்பதைவிட ஒரு மாதத்தில் பரப்பி மூன்று தடவை கேட்பது மேல்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, ஏறக்குறைய ஒரே அளவு கடினமான இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு இந்தச் செயல்பாடுகளைச் செய்யுங்கள், இன்னொன்றை வழக்கம்போல நடத்துங்கள். நடத்தி முடித்து மூன்று வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், பாடத்துக்கு ஐந்தாகப் பத்துக் கேள்வி கொடுங்கள். கேள்விகள் முன்பு கேட்டவையாகவே இருக்கக் கூடாது. சொல்லை மாற்றி, அதே கருத்தைக் கேளுங்கள். இல்லாவிட்டால் கேள்வியின் ஓசையைத்தான் சோதித்தவர் ஆவீர்கள். இரண்டு பாடத்துக்கும் வித்தியாசம் இல்லை என்றால் உங்கள் குறிப்பு நோட்டைத் திறந்து, போன வாரத்தது, போன மாதத்தது என்று எத்தனை கேள்வி கேட்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் அடுத்த மாதம் நேற்றைய கேள்விகளில் ஒன்றைக் குறைத்து அந்த இடத்தில் பழையதைப் போடுங்கள்.